மதியம் 2 மணி: டீயா, குட்டித் தூக்கமா, முழுத் தூக்கமா?

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். ஆனால் பழி முழுவதையும் சோற்றின் மேல் போட முடியாது. மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் உடம்பின் உள்கடிகாரமே ஒரு முறை சற்றுத் தணிந்து பிறகு எழுகிறது. பட்டினி கிடந்தாலும் அந்த நேரத்தில் கொட்டாவி வரும். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று சோறு உள்ளே போயிருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

இதைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் கீழே இறங்கி டீக்கடைக்குப் போவார். ஒருவர் போனை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் மேசையிலேயே தலையைச் சாய்ப்பார். வீட்டில் இருப்பவர் பாயை விரித்து ஃபேனைப் போட்டால் எழுந்திருக்க 4 மணி ஆகிவிடும். எதற்கும் மசியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்பவர்களும் உண்டு.

இவற்றில் எது தேவலை? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்லலாம்: எப்படியும் வேலையை நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால், அந்த அரை மணியை அரட்டைக்கும் போனுக்கும் கொடுப்பதைவிடத் தூக்கத்துக்குக் கொடுப்பது லாபம். இப்படி அடித்துச் சொல்லக் காரணம், சென்னையிலேயே நடந்த ஒரு சோதனை.

452 பேர், ஒரு டேட்டா என்ட்ரி அலுவலகம்

பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்து, அவர்கள் தூக்கத்தையும் வேலையையும் அளந்தார்கள். முடிவுகள் 2021-ல் வெளியாயின. தூக்கத்தை வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் கட்டும் கருவியை வைத்து அளந்தார்கள். வந்த கணக்கு: இரவில் படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம், உண்மையில் தூங்கியது சராசரியாக 5.5 மணி நேரம். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு மே மாத இரவைக் கழித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. புழுக்கம், கொசு, தெருச் சத்தம், பக்கத்தில் புரளும் பிள்ளை. விழித்து விழித்துத் தூங்குகிற தூக்கம் அது.

அந்தக் குழுவில் ஒரு பகுதியினருக்கு இரவுத் தூக்கத்தைக் கூட்ட வழி செய்தார்கள். அறிவுரை, ஊக்கம், வீட்டில் தூங்குவதற்கான வசதிகள் எல்லாம் கொடுத்ததில் இரவுக்கு 27 நிமிடத் தூக்கம் கூடியது. அதனால் வேலைத்திறன் எகிறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். துறை வல்லுநர்களின் கணிப்பும் அதுதான். ஆனால் வேலைத்திறனிலோ, சிந்தனைத் தெளிவிலோ, மனநிலையிலோ சொல்லும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. கூடிய நேரம் படுக்கையில் அதிகம் கிடந்ததால் வந்தது, தூக்கம் அதே துண்டு துண்டான தூக்கமாகவே இருந்தது என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு பகுதியினருக்கு அலுவலகத்திலேயே மதியம் அரை மணி நேரம் தூங்க இடம் கொடுத்தார்கள். இதில் பலன் தெரிந்தது. மீதி நேரத்து வேலைத்திறன் கூடியது, மனசு லேசானது, கவனம் கூர்மையானது. இரவில் 27 நிமிடம் செய்யாததை மதியத் தூக்கம் செய்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மதியத் தூக்கத்தைப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தூங்கினால் அரை மணி நேர வேலை போகிறது. தூங்காமல் அந்த நேரத்திலும் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் மொத்த வருமானம் குறைவுதான்; கூடிய வேகம் இழந்த அரை மணியை ஈடுகட்டவில்லை. ஆனால் அந்த அரை மணியைச் சும்மா ஓய்வாகக் கழித்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்கள் கை ஓங்கியிருந்தது.

ஆக, பதில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அவரிடம் போய் 'தூங்கினால் வருமானம் கூடும்' என்று சொன்னால் அது பொய். (கண்ணெரிச்சலும் எரிச்சலும் குறையும் என்று சொல்லலாம், அது வேறு கணக்கு.) மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை ஏற்கெனவே இருக்கிறது. 20 நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறார், மீதி 40 நிமிடம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. அவர் தூங்கினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

10, 20, 30: கொஞ்சம் நிமிடக் கணக்கு

தூங்கலாம் என்று முடிவான பிறகு அடுத்த கேள்வி எத்தனை நிமிடம் என்பது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே ஒப்பிட்டது. முந்தைய இரவு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, மறுநாள் பிற்பகலில் 5, 10, 20, 30 நிமிடம் எனத் தூங்க வைத்துச் சோதித்தார்கள். 5 நிமிடத்தால் பெரிய பயனில்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே தெளிவாக இருந்தார்கள். அந்தத் தெளிவு இரண்டரை மணி நேரம் வரை நின்றது. 20 நிமிடம் தூங்கியவர்களுக்குப் பலன் தெரிய அரை மணிக்கு மேல் ஆனது, பிறகு 2 மணி நேரம் வரை இருந்தது. 30 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாகக் கிடந்தார்கள். அப்புறம்தான் பலன் வந்தது.

காரணம், தூக்கத்தின் ஆழம். கண்ணயர்ந்த முதல் சில நிமிடங்கள் மேலோட்டமான தூக்கம். கதவு சாத்தும் சத்தத்துக்கே விழிப்பு வரும். அரை மணி நேரத்தை நெருங்கும்போது பலர் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகத் தொடங்கிவிடுவார்கள். இரவுத் தூக்கம் பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் போவார்கள். அந்த ஆழத்திலிருந்து அலாரம் பிடித்து இழுத்தால் எழுந்தவருக்கு விடிந்ததா, இருட்டியதா என்றே புரியாது. தலை பாரம், வாய்க் கசப்பு, கூப்பிட்டவர் மேல் கோபம். 'மதியம் தூங்கினாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்பவர்களை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணி தூங்கிப் பாதியில் எழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்த ஆய்வில் நிமிடங்களை எண்ணத் தொடங்கியது தூக்கம் பிடித்த பிறகு. படுத்த நேரத்திலிருந்து அல்ல. ஆகவே 15 நிமிடம் தூங்க வேண்டுமானால் அலாரத்தை 20, 25 நிமிடத்துக்கு வைக்க வேண்டும். படுத்த உடனே குறட்டை விடும் பாக்கியசாலிகள் 15-லேயே வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் '26 நிமிடம்தான் சரியான அளவு, நாசா சொன்னது' என்று ஒன்று சுற்றுகிறது. நாசா அப்படி ஓர் அளவையே சொல்லவில்லை. நெடுந்தூர விமானங்களில் விமானிகளுக்கு, ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர்கள் ஓட்ட, 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். அதில் அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். அவ்வளவுதான் அந்த எண்ணின் கதை. அந்த ஆய்வில் இதைவிட முக்கியமான விஷயம் வேறு: ஓய்வு கிடைக்காத விமானிகளுக்குப் பயணத்தின் கடைசி ஒன்றரை மணி நேரத்தில், விமானம் தரையிறங்கும் கட்டத்திலும்கூட, நொடிக்கணக்கில் கண் செருகியது பதிவாகியிருந்தது.

எங்கே படுப்பது என்பதும் நிமிடக் கணக்கோடு சேர்ந்ததுதான். மதிய நேரத்தில் எந்த ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய்ப் பாருங்கள். பின்சீட்டில் குறுக்காகப் படுத்து, முழங்காலை மடித்து, ஒரு பாதத்தை வெளியே நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் தூங்குவார். அவருக்கு அலாரம் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்து காலில் வெயில் விழும், இல்லையென்றால் கால் மரத்துப்போகும், அதுவும் இல்லையென்றால் சவாரி வந்து தட்டும். அந்த அசௌகரியமே தூக்கத்தைக் குட்டியாக வைத்திருக்கிறது. ஏசி அறையில் மெத்தையில் படுத்து 'ஒரு இருபது நிமிஷம்' என்பவர் பாடுதான் திண்டாட்டம். வீட்டில் இருந்தால் கட்டிலைவிடச் சாய்வு நாற்காலி மேல். சாப்பிட்டதும் மல்லாந்து படுத்தால் நெஞ்செரிச்சல் வருபவர்களுக்கும் அதுதான் நல்லது. படுத்தே ஆக வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

காபி குடித்துவிட்டுத் தூங்குவது

கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் விஷயம் இருக்கிறது. காபியில் உள்ள காஃபீன் மூளையில் வேலையைக் காட்ட ஏறத்தாழ 20, 30 நிமிடம் ஆகும். காபியைக் குடித்த கையோடு கண்ணை மூடினால், தூங்கி எழும் நேரமும் காஃபீன் ஏறும் நேரமும் ஒன்றாக வரும். பிரிட்டனில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் 1990-களில் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து இதைச் சோதித்தார்கள். காபி மட்டும், தூக்கம் மட்டும் என்பதைவிட, காபியும் கால் மணி நேரத்துக்கு உட்பட்ட தூக்கமும் சேர்ந்தபோது தடம் விலகும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

ஆகவே நெடுஞ்சாலைப் பயணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதைத்தான். தூக்கம் சொக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். டீ மட்டும் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தால், அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் 20 கிலோமீட்டர் ஓடியிருக்கும். கண் செருகுவது அந்த 20 கிலோமீட்டரில்தான். குடித்துவிட்டு, வண்டியை வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக் கால் மணி நேரம் தூங்குங்கள். சோதனையில் கொடுத்தது 150 முதல் 200 மில்லிகிராம் காஃபீன். சிக்கரி கலந்த ஒரு டம்ளர் காபியில் அவ்வளவு இருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்ட்ராங்காகக் கேட்டு வாங்குவது நல்லது.

அலுவலகத்துக்கும் இதே வழி சரிதான், ஆனால் 3 மணிக்குப் பிறகு வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே 5 மணி நேரம் போல ஆகும். மாலையில் குடித்ததை இரவு 11 மணிக்குப் புரண்டு படுத்துக் கழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும்

ஒரு மணி நேரத் தூக்கம்தான் இருப்பதிலேயே மோசமான பேரம் என்பேன். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பப்பட வாய்ப்பு அதிகம், எழுந்த பின் அரை மணி நேரம் உருப்படியாக எதுவும் ஓடாது. உடனே பைக்கை எடுப்பது ஆபத்தும்கூட.

ஒன்றரை மணி நேரம் வேறு ரகம். தூக்கத்தின் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். கனவுத் தூக்கம்வரை போய்த் திரும்பும் சுற்று. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணால் பார்த்துப் பழகும் ஒரு பயிற்சியில், 60 முதல் 90 நிமிடம் பகலில் தூங்கியவர்கள், அந்தத் தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் இரண்டும் இருந்தபோது, ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இணையாக முன்னேறியிருந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். காலையில் 5 மணிக்கு எழுந்து படித்துவிட்டு, மதியம் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுந்துகொண்டு இன்னும் 2 மணி நேரம் 'படிப்பதை'விட, படுத்து ஒரு சுற்றுத் தூங்கி எழுவது புத்திசாலித்தனம். தினமும் அல்ல, இரவு குறைந்த நாட்களில்.

இரவுப் பணிக்காரர்களுக்கு நிமிடக் கணக்கே மாறுகிறது. நர்ஸ், செக்யூரிட்டி, வெளிநாட்டு நேரத்தில் வேலை பார்க்கும் ஐடி ஊழியர் ஆகியோருக்கு, பணிக்குப் புறப்படும் முன் மாலையில் போடும் ஒன்றரை மணி நேரத் தூக்கம் முன்கூட்டியே கட்டி வைக்கும் சேமிப்பு. 'மாலை 4 மணிக்கு மேல் தூங்காதே' என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. எழுந்ததற்கும் வண்டியை எடுப்பதற்கும் நடுவில் அரை மணி இருந்தால் போதும்.

தூங்காமல் இருப்பதே நல்லது, சிலருக்கு

பகலுறக்கம் கூடாது என்று சித்தர் தேரையரின் 'நோய் அணுகா விதி' என்ற பாட்டு சொல்கிறது. வீட்டுப் பெரியவர்கள் இதை மேற்கோள் காட்டாத நாளில்லை. அதே பாட்டில், அதற்குப் பக்கத்திலேயே, நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் உண்ணோம் என்றும் இருக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டக் காணோம். ஆயுர்வேதத்தில் சரகர் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறார்: கோடையில் பகலில் தூங்கலாம், முதியவர், குழந்தைகள், நடந்து களைத்தவர், சுமை தூக்கியவர் எப்போதும் தூங்கலாம் என்கிறார். கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் பெரும்பாலும் 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றைய மருத்துவம் வேண்டாம் என்று சொல்வது முக்கியமாக ஒரு சாராருக்கு: இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்துக்கான அழுத்தத்தை உண்டாக்குகிறது. மதியத் தூக்கம் அதில் ஒரு பங்கைக் கரைத்துவிடும். இரவு 10 மணிக்குப் படுத்து 1 மணிவரை கூரையைப் பார்ப்பவர், சில வாரங்கள் மதியத் தூக்கத்தை முழுக்க விட்டுப் பார்ப்பதுதான் சரி. அவருக்கு மதியம் 2 மணிக்கு உகந்தது வெளிச்சத்தில் ஒரு நடை.

இரவு 7, 8 மணி நேரம் தூங்கியும் தினமும் மதியம் கண் சொக்குகிறது என்றால் குட்டித் தூக்கம் அதற்கு மருந்தாகாது. பலமான குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தால் ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று வரும் கோளாறாக, இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை என்று பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்குபவர்களிடம் சர்க்கரையும் இதய நோயும் அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கத்தால் நோய் வருகிறதா, உள்ளே இருக்கும் நோயால் தூக்கம் வருகிறதா என்பது அவற்றில் தீராத கேள்வி. எதுவானாலும் டாக்டரைப் பார்க்க அது போதுமான காரணம்.

இடம் கிடைக்க வேண்டுமே

இதெல்லாம் படுக்க ஓரிடம் இருப்பவர்களுக்குத்தான். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்காருவதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அங்கே போய்த் தூக்கத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். பெங்களூரில் மெத்தை விற்கும் வேக்ஃபிட் நிறுவனம் 2022-ல் மதியம் 2 முதல் 2.30 வரை ஊழியர்கள் தூங்கலாம் என்று அறிவித்தது. மெத்தைக் கம்பெனிக்கு அது விளம்பரமும்கூட, சரி. ஆனால் ஜப்பானின் சுகாதார அமைச்சகமும் தன் 2014 தூக்க வழிகாட்டியில் பிற்பகலின் தொடக்கத்தில் 30 நிமிடத்துக்கு மிகாத தூக்கத்தை வேலை செய்பவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

அறிவிப்புக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாப்பாட்டு இடைவேளையை மாற்றி அமைப்பது. முதலில் சாப்பாடு, பிறகு ஒரு வாய் காபி, நிறுத்தியிருக்கும் காரிலோ ஆளில்லாத மீட்டிங் அறையிலோ போனை ஃபிளைட் மோடில் போட்டு 20 நிமிடம். கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் மேலாளர் வந்து விசாரிக்கும் சங்கடமும் இல்லை. தூக்கமே வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடப்பது போனைப் பார்ப்பதைவிடக் கண்ணுக்கு நல்லது.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ மதியம் 2 மணி நேரம் தூங்கிவிட்டு, விடியற்காலை 3 மணிக்கே விழித்துக் குடும்பத்தையே எழுப்புகிறார் என்றால், 'பகலில் தூங்காதீங்க' என்று அதட்டிப் பயனில்லை. வயதில் மதியத் தூக்கம் இயல்பு. வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மதியம் 3 மணிக்கு மேல் படுக்கையில் விடாமல், காபியைக் காட்டி எழுப்புங்கள். ஒன்றரை மாதத்தில் அரை மணிக்கு வந்துவிடும்.